பழைய ஹார்ஸ், சொந்த ஓட்டம்: டர்பனில் லாரி வாங்கப்போகிறவர்களுக்கு

லாரிக்குப் பேர்போன சங்ககிரியில் பிறந்தவனுக்கு லாரியைப் பற்றி யார் என்ன சொல்லித்தர வேண்டும் என்ற நினைப்பில்தான் தென்னாப்பிரிக்காவில், டர்பனில் ஒரு பழைய வண்டியை வாங்கினேன். 2004 மாடல் ஃப்ரெயிட்லைனர் ஆர்கோசி, டெட்ராய்ட் சீரிஸ் 60 எஞ்சின். முதல் எட்டு மாதத்தில் அது 71 நாள் ஓடாமல் நின்றது. என் மனைவி காலண்டரில் சிவப்பு மையால் சுழித்து வைத்திருந்ததால் இந்தக் கணக்கில் பிசகு இல்லை. அந்த 71 நாளில் எஞ்சினால் நின்றது ஒன்பது நாள்தான். அதற்கும் காரணம் ரேடியேட்டர் தண்ணீர். மற்றதையெல்லாம் தின்றவை காகிதமும் பிரேக் காற்றும்.

வாங்கும்போது நான் பயந்ததோ எஞ்சினுக்கு மட்டும். புதிதாக வருகிற எல்லோரும் அப்படித்தான் இருக்கிறார்கள் என்று இப்போது தெரிகிறது. அதனால் இந்தக் கட்டுரையில் எஞ்சின் பின்னால்தான் வரும்.

வழக்குச் சொல் கொஞ்சம். இங்கே வண்டியின் முன்பாகத்தை ஹார்ஸ் என்பார்கள், ட்ரெய்லரை இழுக்கிற குதிரை. 6 மீட்டர் ட்ரெய்லரையும் 12 மீட்டர் ட்ரெய்லரையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் இன்டர்லிங்க். மொத்த நீளம் 22 மீட்டருக்குள்ளும் சரக்கோடு மொத்த எடை 56 டன்னுக்குள்ளும் இருக்க வேண்டும். வண்டி ஓடத் தகுதியானது என்று நம் ஊரில் வாங்கும் எஃப்.சி.க்கு இங்கே ரோட்வொர்த்தி என்று பெயர். நான் ஓட்டுவது டர்பன் – ஜோஹன்னஸ்பர்க் என்3 சாலையில். வேறு வழியில் ஓடுபவர்கள் தூரத்தை மாற்றிக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

1. பணம் கொடுக்குமுன் எண்களைப் படியுங்கள்

பதிவுச் சான்றிதழில் சேஸிஸ் எண், எஞ்சின் எண் இரண்டும் இருக்கும். கையில் டார்ச்சும் துணியும் எடுத்துக்கொண்டு போய், கிரீஸைத் துடைத்து, இரண்டையும் கண்ணால் பார்த்துப் படியுங்கள். புகைப்படமும் எடுங்கள். இருபது வருடம் ஓடிய ஹார்ஸில் அதே எஞ்சின் இருப்பது அதிர்ஷ்டம். பெரும்பாலும் நடுவில் யாரோ ஸ்கிராப் யார்டில் வாங்கி மாற்றியிருப்பார்கள். மாற்றியது தப்பில்லை. மாற்றியதைப் பதிவில் ஏற்றாமல் விட்டதுதான் உங்கள் தலையில் விடியும்.

எனக்கு அப்படித்தான் ஆனது. எண் பொருந்தவில்லை என்று பெயர் மாற்றம் நின்றுவிட்டது. அப்புறம் எஞ்சின் வாங்கிய பில், விற்றவரின் பிரமாணப் பத்திரம், போலீஸ் கிளியரன்ஸ் என்று அலைந்து முடிக்க 23 நாள். விற்றவர் முதல் வாரத்துக்குப் பிறகு போனை எடுக்கவில்லை. முழுப் பணமும் அவர் கையில் போயிருந்தது, அவர் ஏன் எடுக்கிறார்?

சான்றிதழில் இன்னொன்றும் பாருங்கள். இங்கே வண்டிக்கு ‘டைட்டில்ஹோல்டர்’, ‘ஓனர்’ என்று இரண்டு பெயர்கள் உண்டு. கடன் பாக்கி இருந்தால் டைட்டில்ஹோல்டர் வங்கியாக இருக்கும். அப்படி இருந்தால், வங்கி தரும் செட்டில்மென்ட் கடிதத்தைப் பார்க்காமல் ஒரு ராண்ட்கூடக் கொடுக்காதீர்கள். லைசன்ஸ் கட்டணம் எத்தனை மாதம் பாக்கி என்பதையும் கேளுங்கள். யார்டில் இரண்டு வருடம் சும்மா நின்ற வண்டி மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் பல நேரம் அந்தப் பாக்கிதான்.

வாங்கியபின் 21 நாளுக்குள் உங்கள் பெயரில் பதிவு செய்ய வேண்டும். அதற்கு ரோட்வொர்த்தி சான்றிதழ் வேண்டும், அது 60 நாள்தான் செல்லும். “போன மாசம்தான் ரோட்வொர்த்தி போட்டேன்” என்று விற்பவர் நீட்டினால் தேதியைப் பாருங்கள். அப்புறம் அதை ஓரமாக வைத்துவிட்டு, நீங்கள் தேர்ந்தெடுத்த நிலையத்தில் உங்கள் செலவில் ஒரு சோதனை போடுங்கள். சில நூறு ராண்டில் பல்லாயிரம் மிச்சமாகும்.

வண்டியைப் பார்க்கக் காலையிலேயே போங்கள். சொன்ன நேரத்துக்கு ஒரு மணி முன்னதாகப் போய் எஞ்சின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் குளிரில் கிளப்ப மறுக்கும் வண்டியை உங்களுக்காகக் கிளப்பி வைத்திருக்கிறார்கள். ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். அடுப்பு மாதிரிப் புகை பொங்கினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. தண்ணீர் டேங்கில் ஓயாமல் குமிழி வந்தால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிட்டு வாருங்கள்.

2. உங்கள் பெயரில் என்னென்ன வேண்டும்

இதை வண்டி தேடும்போதே ஆரம்பித்துவிடுங்கள். வண்டி வந்தபின் ஆரம்பித்தால் வண்டி நிற்கும், தவணை நிற்காது.

தென்னாப்பிரிக்க அடையாள எண் இல்லாதவர்கள் முதலில் டிராஃபிக் ரெஜிஸ்டர் எண் வாங்க வேண்டும். பாஸ்போர்ட், புகைப்படம், முகவரிச் சான்று தேவை. முகவரிச் சான்றில்தான் பலர் மாட்டுகிறார்கள். உறவினர் வீட்டில் தங்கியிருந்தால் மின்சார பில் அவர் பெயரில் இருக்கும், அவரிடம் பிரமாணப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். கம்பெனி பெயரில் வாங்குவதானால் கம்பெனிக்குத் தனியாக பிசினஸ் ரெஜிஸ்டர் எண் வேண்டும், அதற்கு ப்ராக்ஸி என்று ஒருவரை நியமிக்க வேண்டும்.

ஓட்டுநர் உரிமம் இசி வகை. பழைய ஆட்கள் இன்னும் ‘கோட் 14’ என்பார்கள், இரண்டும் ஒன்றுதான். கார்டு ஐந்து வருடத்துக்கு. அதோடு, சரக்கு வண்டி ஓட்டப் பி.ஆர்.டி.பி. என்ற தொழில்முறை அனுமதி வேண்டும். இது இரண்டு வருடத்துக்குத்தான். மருத்துவச் சான்றும் போலீஸ் பின்னணிச் சோதனையும் உண்டு, அதனால் வாரக்கணக்கில் இழுக்கும். முடிவதற்கு மூன்று மாதம் முன்பே மனுப் போடுகிறேன்.

3,500 கிலோவுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிக்கு ஆபரேட்டர் பதிவும் கட்டாயம். ஆபரேட்டர் கார்டு கண்ணாடியில் லைசன்ஸ் டிஸ்க்கோடு (வருடாந்திர லைசன்ஸ் கட்டியதற்கான வட்டச் சீட்டு) ஒட்டியிருக்க வேண்டும்.

முக்கியமாக ஒன்று: ட்ரெய்லர்களும் தனித்தனி வண்டிகள். இன்டர்லிங்க் என்றால் டிஸ்க் மூன்று, ரோட்வொர்த்தி மூன்று, தேதி மூன்று. கட்டணம் வண்டியின் வெற்று எடையைப் பொறுத்து, மாகாணத்துக்கு மாகாணம் மாறும். மூன்றும் ஒரே மாதத்தில் வந்தால் முதுகு ஒடியும். முதல் வருடம் எனக்கு ஒடிந்தது. இப்போது மாதாமாதம் வருடக் கட்டணத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கை ஒதுக்கி வைக்கிறேன். டிஸ்க் தேதி முடிந்தபின் 21 நாள் சலுகை உண்டு, ஆனால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். வருடாந்திரச் சோதனையில் தோற்றால் அந்த 21 நாளும் பட்டறையிலேயே போய்விடும்.

தேதிகளை எல்லாம் போனில் போட்டிருந்தேன், போன் தொலைந்தது. இப்போது சமையலறையில் ஊரிலிருந்து வந்த தினசரிக் காலண்டர் தொங்குகிறது. தாளைக் கிழிக்கும் வேலை மனைவியிடம் இருக்கிறது. “உங்க குதிரைக்கு இன்னும் ஆறு வாரம்தான்” என்று குரல் வந்தால் கிளம்ப வேண்டியதுதான்.

3. ரோட்வொர்த்தி: ஆறு வாரம் முன்பே

வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, என்ன குறை என்று அவர்களே சொல்லட்டும் என்று விடுவதுதான் புதியவர் செய்யும் தப்பு. தோற்றால் அந்தக் குறைகளைச் சரிசெய்து மறுசோதனைக்கு வர 14 நாள் தருவார்கள், தோற்ற அம்சங்களை மட்டும் பார்ப்பார்கள். 14 தாண்டினால் முதலிலிருந்து முழுக் கட்டணம். அந்தச் சமயம் பார்த்துத்தான் பிரேக் டிரம் கடையில் ஸ்டாக் இல்லை என்பார்கள்.

வீட்டிலேயே பார்த்துக்கொள்ள வேண்டியவை: எல்லா விளக்குகளும், ட்ரெய்லர் விளக்குகள் உட்பட. பின்னால் செவ்ரான் பலகை (சாய்கோடு போட்ட எச்சரிக்கைப் பலகை), பக்கவாட்டில் மஞ்சள் பிரதிபலிப்புப் பட்டை. உரிந்திருந்தால் மாற்றுங்கள், மலிவுதான். ஓட்டுநர் கண்ணுக்கு நேரே கண்ணாடி விரிசல். ஸ்டீயரிங் ஆட்டம், சக்கர பேரிங் ஆட்டம். கிங்பின் (ட்ரெய்லரை ஹார்ஸோடு பூட்டும் முளை) புதிதில் 50.8 மில்லிமீட்டர் விட்டம், 49-க்குக் கீழே தேய்ந்தால் மாற்ற வேண்டியதுதான். டயர் பள்ளம் எங்கேயும் 1 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அது சட்டம் சொல்வது. என் கணக்கில் ஸ்டீயரிங் டயர் 4 மில்லிமீட்டருக்கு வந்தாலே கழற்றிப் பின் ஆக்சிலுக்குப் போய்விடும்.

எண்ணெய் ஒழுகலுக்குப் பயந்து சோதனைக்குப் போகும் வழியில் எஞ்சினைக் கழுவுவார்கள். கழுவிய பளபளப்பில் ஒரு சொட்டு ஒழுகினாலும் கோலப்பொடி போட்ட மாதிரித் தெரியும். ஒரு வாரம் முன்பே கழுவி, எங்கிருந்து வருகிறது என்று பார்த்து, அந்த சீலை மாற்றுங்கள்.

மாதக் கடைசியில் போகாதீர்கள், கூட்டம். மாத நடுவில், வார நடுவில், காலை முதல் ஆளாக, வெற்று வண்டியோடு போங்கள். மூன்று வண்டிக்கும் சேர்த்து எனக்குக் கடைசியாக 2,000 ராண்டுக்குப் பக்கம் ஆனது.

“வண்டியே வேண்டாம், காகிதத்தை நான் வாங்கித் தருகிறேன்” என்று யாராவது வருவார்கள். எனக்கும் வந்தார். வேண்டாம். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் தோண்டுவது அதைத்தான்.

4. காற்று: தினமும் பத்து நிமிடம்

டர்பனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க்குக்கு 570 கிலோமீட்டர் சொச்சம். கடல் மட்டத்திலிருந்து கிளம்பி 1,700 மீட்டருக்கு மேல் ஏறுகிறோம். ஏறுவதில் எஞ்சினுக்கு வேலை, திரும்பும்போது பிரேக்குக்கு. வான் ரீனன் கணவாய் இறக்கம், அப்புறம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு வரும் ‘டவுன் ஹில்’ (Town Hill) என்ற இறக்கம். இரண்டிலும் சுமையோடு இறங்கிப் பழகாதவர்கள் முதல் சில நடைக்கு ஒரு அனுபவஸ்தரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு வண்டிக்கு வேகம் 80 என்பது சமதரைக்கு. இறக்கத்தில் எந்த கியரில் இறங்குவது என்பதை உச்சிக்கு வருமுன்பே முடிவு செய்துவிட வேண்டும். எஞ்சின் பிரேக் வேலை செய்யவில்லை என்றால் சுமை ஏற்றாதீர்கள்.

ஜிபிஎஸ் சில நேரம் எம்13 வழியாக ஃபீல்ட்ஸ் ஹில்லைக் காட்டும். போகாதீர்கள். 2013 செப்டம்பர் 5 அன்று அந்த இறக்கத்தில் ஒரு லாரி கட்டுப்பாடு இழந்து வந்து 24 பேர் இறந்தார்கள். அதன்பின் பெரிய லாரிகளை அங்கே விடுவதில்லை.

சரி, காலையில் செய்ய வேண்டியது. சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். எஞ்சினை ஓட விட்டுக் காற்று ஏறுவதைப் பாருங்கள். அழுத்தம் 8 பாருக்குப் பக்கத்தில் வரும்போது ஏர் டிரையர் (காற்றிலிருந்து ஈரத்தைப் பிரிப்பது) ‘புஸ்’ என்று ஊதும். ஊதவே இல்லை என்றால் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரில் கோளாறு. அப்புறம் எஞ்சினை நிறுத்தி, பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, கால் பிரேக்கை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். முதலில் முள் சட்டென்று இறங்கும், அது கணக்கில் இல்லை. அதற்குப் பிறகு ஒரு நிமிடத்தில் 0.3 பாருக்கு மேல் இறங்கினால் எங்கோ கசிகிறது. ரேடியோவை அணைத்துவிட்டு வண்டியைச் சுற்றி நடந்தால் காதுக்கே கேட்கும். கேட்காவிட்டால் பாட்டிலில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள், நுரை காட்டிக்கொடுக்கும். கடைசியாக பிரேக்கை விட்டுவிட்டு மிதித்துக் காற்றை இறக்குங்கள். 4 பார் சுமாருக்கு எச்சரிக்கை பஸ்ஸர் அலற வேண்டும். என் வண்டியில் அந்த பஸ்ஸரின் வயரை யாரோ பிடுங்கி விட்டிருந்தார்கள். சத்தம் தொல்லையாக இருந்திருக்கும் போல.

மாலையில் ஏர் டேங்குகளின் வால்வைத் திறந்து விடுங்கள். ஒரு கரண்டி தண்ணீர் வந்தால் பரவாயில்லை. பால் மாதிரி எண்ணெய் கலந்து வந்தால் டிரையர் கார்ட்ரிட்ஜ் போய்விட்டது, அல்லது காம்ப்ரெசர் எண்ணெயைத் தள்ளுகிறது. கார்ட்ரிட்ஜ் எனக்கு ஆயிரம் ராண்டுக்குள் முடிந்தது. அதை மாற்றாமல் விட்டதில் கெட்டுப்போன வால்வுகளுக்கு எட்டாயிரம்.

வாரம் ஒருமுறை ஸ்லாக் அட்ஜஸ்டரை (பிரேக் தேயத் தேய இடைவெளியைச் சரிசெய்யும் கை) பாருங்கள். இதற்கு இரண்டு பேர் வேண்டும். பிரேக்கை விடுவித்த நிலையில், சேம்பருக்கு (காற்றால் பிரேக்கைத் தள்ளும் டப்பா) வெளியே வரும் புஷ்ராடில், சேம்பரை ஒட்டி சாக்பீஸால் கோடு போடுங்கள். உள்ளே ஒருவர் முழுக்க மிதித்துப் பிடிக்க, கோடு எவ்வளவு தள்ளி வந்திருக்கிறது என்று அளங்கள். வகை 30 சேம்பருக்கு 50 மில்லிமீட்டர்தான் எல்லை. நான் 40-லேயே சரிசெய்துவிடுவேன். ஒரே ஆக்சிலில் இடதும் வலதும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். தானியங்கி ஸ்லாக் என்றால் சாவி போட்டுத் திருகிச் சரிசெய்துகொண்டே இருக்காதீர்கள். அது தானாகப் பிடிக்கவில்லை என்றால் உள்ளே புஷ் தேய்ந்திருக்கும், அல்லது அந்த ஸ்லாக்கே போயிருக்கும்.

பார்க்கிங் பிரேக்கின் ஸ்பிரிங் சேம்பரை மட்டும் நீங்களே பிரிக்காதீர்கள். உள்ளே இறுகிக் கிடக்கும் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும். முழுதாக மாற்றுவதுதான் முறை.

இன்னொரு பொறி, வாடகை ட்ரெய்லர். ஹார்ஸின் பிரேக்கை நான் தங்கம் மாதிரி வைத்திருந்தேன். ஒருமுறை அவசரத்துக்கு வாடகைக்கு எடுத்த ஜோடியில் பின் ட்ரெய்லரின் நாலு சேம்பரில் மூன்று வேலை செய்யவில்லை. 50 டன்னையும் ஹார்ஸே பிடித்து, மூயி ரிவர் டோலுக்கு வரும்போது டிரம்மிலிருந்து புகை. ட்ரெய்லரைக் கோத்ததும், யார்டைத் தாண்டுமுன், ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் போட்டு வண்டியை முன்னுக்கு இழுத்துப் பாருங்கள். இழுபட்டால் அங்கேயே கழற்றிவிடுங்கள்.

5. தண்ணீர்

கிளேர்வுட்டில் முருகன் கோயில் பக்கம் ஒரு காலத்தில் நம் ஆட்களின் வீடுகளாக இருந்த தெருக்களில் இப்போது லாரி யார்டுகளும் பட்டறைகளும்தான். அங்கே எழுபதைத் தாண்டிய ஒரு பட்டறைக்காரரிடம்தான் என் வண்டி போகும். நான்காம் தலைமுறை, தமிழில் அவருக்குப் பத்துச் சொல் தெரிந்தால் அதிகம். என் எஞ்சினின் லைனரை, அதாவது பிஸ்டன் ஓடும் உருளையை, வெளியே எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு அவர் கேட்டது: “தண்ணி எங்கே எடுத்தே, தம்பி?”

“குழாயில அண்ணா.”

லைனரின் வெளிப்புறம் செல்லரித்த மாதிரி ஊசித் துளைகள். இந்தப் பெரிய டீசல் எஞ்சின்களில் லைனரின் வெளிப்பக்கம் நேரே தண்ணீரில் நிற்கிறது. ஒவ்வொரு வெடிப்புக்கும் லைனர் அதிர, அதன்மேல் நுண்ணிய குமிழிகள் உண்டாகி உடைந்து, இரும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்துகின்றன. கூலன்ட்டில் இருக்கும் சேர்மானம் லைனர்மேல் ஒரு படலமாக நின்று இதைத் தடுக்கும். வெறும் தண்ணீரை ஊற்ற ஊற்ற அந்தச் சேர்மானம் நீர்த்துப்போகும். ஒருநாள் துளை உள்ளே எட்டி, தண்ணீர் எண்ணெயில் இறங்கும். அந்த ஒன்பது நாளும் 1,60,000 ராண்ட் பில்லும் இதனால் வந்தவை.

செய்ய வேண்டியது மிக எளிது. கனரக டீசலுக்கான கூலன்ட்டையும் தாது நீக்கிய தண்ணீரையும் பாதிக்குப் பாதி கலந்து 20 லிட்டர் கேனில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தால் அதைத்தான் ஊற்ற வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சோதனைத் தாளை நனைத்து நிறம் பாருங்கள், ஒரு டப்பா வருடத்துக்கு வரும். இரண்டு வகைக் கூலன்ட்டை நிறம் ஒன்றாக இருக்கிறதே என்று கலக்காதீர்கள்.

தண்ணீர் குறைகிறது, வெளியே ஒழுகல் இல்லை என்றால் ஒத்திப்போடவே கூடாது. ஆனால் குமிழியைப் பார்த்ததும் எஞ்சின் ஹெட்டைக் கழற்றவும் விடாதீர்கள். ஏர் காம்ப்ரெசரும் இதே தண்ணீரில்தான் குளிர்கிறது. அதன் ஹெட் கேஸ்கெட் போனாலும் காற்று தண்ணீரில் கலந்து குமிழி வரும். முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள், பத்தில் ஒரு பங்குச் செலவு.

ஏற்றத்தில் சூடு ஏறினால் எல்லோரும் தெர்மோஸ்டாட்டை மாற்றுகிறார்கள். ரேடியேட்டருக்கும் அதன் முன்னால் இருக்கும் இன்டர்கூலருக்கும் நடுவே அடைத்திருக்கும் தூசியையும் பூச்சியையும் யாரும் பார்ப்பதில்லை. வருடம் ஒருமுறை இரண்டையும் பிரித்து, மெல்லிய அழுத்தத்தில் தண்ணீர் அடியுங்கள். பேஹெட் ரோட்டில் துறைமுகத்துக்கு வெளியே மணிக்கணக்கில் வரிசையில் நகர்ந்து நகர்ந்து போகும்போது ஃபேன் கிளட்ச் வேலை செய்கிறதா என்பதும் தெரிந்துவிடும். கால் கிளட்ச்சும் அங்கேதான் தேய்கிறது. முன்பதிவு நேரத்துக்கு ரொம்ப முன்னால் போய் நிற்காதீர்கள்.

கூலன்ட் குளிருக்கும்தான். 2024 செப்டம்பரில் வான் ரீனன் பக்கம் பனி கொட்டி என்3 அடைபட்டபோது லாரிகள் ராத்திரி முழுக்க நின்ற இடத்திலேயே நின்றன. வெறும் தண்ணீரோடு அங்கே மாட்டினால் என்ன ஆகும் என்று நினைத்துப்பாருங்கள்.

6. எண்ணெய், டீசல்

வாரத்துக்கு இரண்டு நடை என்றால் மாதம் 10,000 கிலோமீட்டருக்குப் பக்கம். நான் 20,000-க்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுகிறேன், அதாவது இரண்டு மாதம். ஏறக்குறைய 40 லிட்டர் பிடிக்கும். பழைய எஞ்சினுக்கு இதற்கு மேல் இழுக்காதீர்கள்.

மாற்றும்போதெல்லாம் சின்ன பாட்டிலில் மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்புங்கள். டர்பன் பக்கம் வேர்செக் போன்ற கூடங்கள் இருக்கின்றன. அறிக்கையில் சிலிக்கன் ஏறினால் ஏர் ஃபில்டர் வழியாகத் தூசி போகிறது. சோடியம் ஏறினால் கூலன்ட் கலக்கிறது. ஈயம், செம்பு ஏறினால் பேரிங். ஒரு தடவை எண் பெரிதாக இருந்ததற்காக அலறாதீர்கள், மூன்று அறிக்கையை வரிசையாக வைத்து ஏறுகிறதா என்று பாருங்கள். லைனர் கதைக்கு முன்பே இதைச் செய்திருந்தால் சோடியம் எனக்கு இரண்டு மாதம் முன்பே சொல்லியிருக்கும்.

டீசல்தான் பெரிய செலவு. முழுச் சுமையில் என் வண்டி லிட்டருக்கு 1.8 கிலோமீட்டர் தருகிறது. போய்வர 1,150 கிலோமீட்டர் என்றால் 640 லிட்டர். லிட்டர் 20 ராண்ட் என்று வைத்தாலே 12,800. விலை ஒவ்வொரு மாதமும் முதல் புதன்கிழமை மாறும். ஏறப்போகிறது என்றால் செவ்வாய் ராத்திரியே டேங்கை நிரப்புங்கள். கடற்கரையில் விலை குறைவு, உள்நாட்டில் கூடுதல். அதனால் டர்பனில் நிரப்பி, மேலே வேண்டிய அளவு மட்டும். பெட்ரோலுக்கு இருப்பது போல டீசலின் சில்லறை விலைக்குக் கட்டுப்பாடு இல்லை, எனவே மொத்தமாக அடிப்பவர் பேரம் பேசலாம். ரொம்ப மலிவாகத் தருகிற இடத்தில் கவனம், மண்ணெண்ணெய் கலந்த டீசல் இன்ஜெக்டரைத் தின்றுவிடும். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரின் அடிக்குழாயைத் தினமும் திறந்து பாருங்கள்.

7. டயர்

ட்ரெய்லருக்கும் டிரைவ் ஆக்சிலுக்கும் நல்ல ரீட்ரெட் (மேல்பகுதியைப் புதிதாக ஒட்டிய பழைய டயர்) போதும். ஸ்டீயரிங்குக்குப் புதிது மட்டும், அதில் பேச்சே இல்லை. வாரம் ஒருமுறை, டயர் குளிர்ந்திருக்கும்போது, கேஜ் வைத்துக் காற்றுப் பாருங்கள். சுத்தியலால் தட்டிப் பார்ப்பது நம் ஊர்ப் பழக்கம், இரட்டை டயரில் உள்டயர் பாதி இறங்கியிருந்தாலும் அந்தச் சத்தத்தில் தெரியாது. சக்கரம் கழற்றி மாட்டினால் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நிறுத்தி நட்டுகளை மறுபடி முறுக்குங்கள். ஆக்சில் எடையையும் கவனியுங்கள். ஸ்டீயரிங் ஆக்சிலுக்கு 7.7 டன், இரட்டை டயர் டேண்டமுக்கு (அடுத்தடுத்து இரண்டு ஆக்சில்) 18, ட்ரைடெமுக்கு (மூன்று ஆக்சில்) 24. மொத்தம் சரியாக இருந்தும் சரக்கை முன்னால் குவித்ததால் ம்கொண்டேனி எடைமேடையில் அரைநாள் நின்றிருக்கிறேன்.

8. பணத்தை எங்கே வைப்பது

லோடு இறக்கிய அன்று பணம் வராது. 30 நாள் என்பார்கள், 45 ஆகும். டீசலும் டோலும் ரொக்கம். அதனால் வண்டிக்குக் கொடுப்பதைத் தவிர, குறைந்தது ஆறு நடைக்கான டீசல் பணம் கையில் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். மேலே போட்ட கணக்குப்படி அதுவே 75,000 ராண்டைத் தாண்டும்.

ஓடுகிற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 1.50 ராண்ட் தனிக் கணக்கில் போடுகிறேன், மாதம் 15,000. டயர், எண்ணெய், பிரேக் எல்லாம் அதிலிருந்துதான். வீட்டுச் செலவுக்கு அதில் கை வைப்பதில்லை. மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு ஒருமுறை வைத்தேன், அந்த மாதமே கிளட்ச் போனது.

இன்சூரன்ஸில் வண்டிக்கு ஒன்று, ஏற்றும் சரக்குக்கு ஒன்று. சரக்குக் காப்பீட்டுச் சான்று இல்லாமல் நல்ல கம்பெனிகள் லோடு தருவதில்லை. பாலிசியில் இழுவைச் செலவு அடங்குமா, எத்தனை ராண்ட் வரை என்று படித்துப் பாருங்கள். ஹாரிஸ்மித்திலிருந்து டர்பனுக்கு இழுத்துவர எனக்கான பில் அந்த மாத வருமானத்தைத் தாண்டியது.

டிரைவர் வைக்கப் போகிறீர்களா? அப்படியானால் சாலைச் சரக்குத் துறையின் பேரப்பேச்சுக் கவுன்சிலில் முதலாளியாகப் பதிவு செய்ய வேண்டும், தொழிலாளர் விபத்து இழப்பீட்டு நிதியிலும் சேர வேண்டும். சம்பளம், ராத்தங்கல் படி எல்லாம் கவுன்சில் ஒப்பந்தப்படி. “நம்ம பையன்தானே” என்று வாய்வார்த்தையில் வைத்துக்கொண்டால் நாளை இருவருக்கும் மனக்கசப்பு.

9. வழியில் நின்றால்

முதலில் எச்சரிக்கை முக்கோணம், வண்டிக்கு 45 மீட்டராவது பின்னால். பிறகுதான் போன். இருட்டில் வண்டிக்கு அடியில் போகாதீர்கள், டோல் பிளாசாவோ டிரக் ஸ்டாப்போ எட்டும் என்றால் மெல்ல உருட்டிக்கொண்டு போய்விடுங்கள்.

என் பெட்டியில் இருப்பவை: ஃபேன் பெல்ட், மேல் கீழ் ரேடியேட்டர் ஹோஸ், கிளாம்ப், டீசல் ஃபில்டர் இரண்டு, ட்ரெய்லருக்குப் போகும் சுருள் ஏர் ஹோஸ் ஒரு ஜோடி, ஏர் பைப் இணைப்புகள், பல்பு, ஃபியூஸ், 20 லிட்டர் கூலன்ட் கலவை, ஐந்து லிட்டர் எண்ணெய், பிரேக் ஸ்பிரிங்கை இழுத்துப் பிடிக்கும் நீள போல்ட் இரண்டு. காற்று இல்லாமல் சக்கரம் பூட்டிக்கொண்டால் அந்த போல்ட் இல்லாமல் வண்டியை நகர்த்தவே முடியாது. அதை எப்படிப் போடுவது என்று பட்டறையில் நிற்கும்போதே ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள். அதையும் சக்கரத்துக்குக் கட்டை வைத்த பிறகு, சமதரையில் மட்டும். மூன்று டிஸ்க், ஆபரேட்டர் கார்டு, இன்சூரன்ஸ் எல்லாவற்றின் நகலும் ஒரு பிளாஸ்டிக் உறையில் சீட்டுக்கு அடியில் கிடக்கிறது, இன்னொரு செட் வீட்டில் காலண்டருக்குப் பின்னால்.